வண்டிக்குக் கொசுறு

ஒன்பது லட்ச ரூபாய் லோடு வண்டி. விலை படிந்தது, கடன் படிந்தது, கலர்கூடப் படிந்தது. அதற்குப் பிறகு, கொசுறு தரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த வண்டியே வேண்டாம் என்று எழுந்து வந்த ஆள் இந்த தேசத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். அவருடைய ரேஷன் கார்டுப் பெயரை லோன் பேப்பரில் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதினால் யாருக்கும் ஆள் விளங்காது. தேனி அல்லிநகரத்தில் எங்கள் தெரு தொடங்கி கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் மல்லித்தழை அக்கா.

நீங்கள் காய்கறிக் கடைக்குப் போகிறீர்கள். கத்தரிக்காய், தக்காளி எல்லாம் வாங்கிக் காசு கொடுத்த பிறகு, கடைக்காரர் ஒரு கொத்து மல்லியையும் ரெண்டு இணுக்கு கறிவேப்பிலையையும் பைக்குள் சொருகிவிடுகிறார். நமக்கு அந்தக் கொசுறு சும்மா வருகிறது. கடைக்காரருக்குச் சும்மா வருவதில்லை. அவருக்கு மொத்தமாக விற்பவர் அக்கா. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களில் மல்லியும் புதினாவும், கெங்குவார்பட்டியில் கறிவேப்பிலையும் எடுத்து, விடியற்காலையில் வண்டியேற்றி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று கடை கடையாக இறக்கிக்கொண்டே போவார். ஊரார் ஒருவருக்கொருவர் கொசுறு கொடுத்துக்கொள்வதை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே கொசுறு கொடுக்காத மனிதரைக் கண்டால் அக்காவுக்கு, தன் வயிற்றில் அடித்தவனைப் பார்த்த மாதிரிக் கோபம் வரும்.

நான் இந்தத் தெருவில் வீடு வாங்கிக் குடிவந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே அக்கா வாசலில் வந்து நின்றார். நல்லாயிருக்கீகளா, எந்த ஊரு, ஒன்றும் கிடையாது. முதல் கேள்வியே இதுதான்.

"வீட்ட வித்தவுக என்ன கொசுறு குடுத்தாக?"

"வீட்டுக்குக் கொசுறாக்கா?"

"பின்ன? ஒரு மம்பட்டி? ஒரு தென்னங்கன்னு? ஒரு தண்ணித் தொட்டி?"

"ஒண்ணும் இல்லக்கா. ஹால்ல இருந்த பல்பையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

அக்கா முகம் சிவந்துவிட்டது. "பல்பையா?" என்றார். "லட்ச லட்சமா வாங்கிக்கிட்டு பல்பையா கழட்டுனான்?" அன்று ஆரம்பித்தது. நான் பணத்தைக் கொடுத்து, பத்திரத்தை வாங்கி, அந்த மனிதரின் முகத்தையே மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "இந்த வீட்டத்தான் அந்தப் பல்பக் கழட்டுன பய வித்தான்" என்று சொல்லித்தான் வழி காட்டுவார். தபால்காரரிடம்கூட அப்படித்தான்.

கொசுறு விஷயத்தில் அக்காவுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. கொசுறைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டால் அது பிச்சை. விலை முடிவதற்கு முன்னால் கொடுத்தால் அது பேரம். ரேட்டுப் போட்டுக் கொடுத்தால் அது சரக்கு. எல்லாம் முடிந்து, காசு கைமாறி, இனி இவரால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, விற்றவர் தன் கையால் தானாக எடுத்துக் கொடுப்பது எதுவோ அதுதான் கொசுறு. அதற்காக அக்கா எந்த இடத்திலும் காசு கொடுத்த பிறகு உடனே நகர மாட்டார். வாயைத் திறக்காமல், எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிற்பு எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம்.

கரண்ட் பில் கட்டிவிட்டு அப்படி நின்றிருக்கிறார். பின்னால் வரிசை ரோட்டைத் தொட்டது. கவுண்டரில் இருந்தவர், "வேற என்னம்மா?" என்று கேட்டுப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல், "பாத்துப் போயிட்டு வாங்கம்மா, வெயிலா இருக்கு" என்றார். அக்கா மலர்ந்து போனார். "அரசாங்கத்துல ஒரு நல்ல வார்த்த கொசுறா வாங்கிட்டேன்" என்று தெரு பூராவும் சொன்னார். காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு நின்றபோது, அந்த டாக்டர் மிரண்டுபோய் டார்ச் அடித்துக் கண்ணையும் பார்த்து அனுப்பினார். பேங்கில் மட்டும்தான் தோல்வி. அங்கே செக்யூரிட்டி வந்து வெளியே விட்டார். அந்த பேங்கில் அக்கா இன்றுவரை கால் வைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஏன் வண்டி வாங்கப் போனார் என்றால், வாடகை வண்டியால் அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. வண்டிக்காரர் இன்றைக்கு மாமனாருக்கு மேலுக்கு முடியவில்லை என்பார், நாளைக்கு டயர் பஞ்சர் என்பார். மல்லிக்கு மாமனாரும் தெரியாது, டயரும் தெரியாது. வெயில் ஏறினால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஒரு நாள் லோடு உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கடைக்காரர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அத்தனை கட்டையும் அக்கா வழியில் ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஒரு கம்பெனி வேறு கம்பத்தில் நுழைந்திருந்தது. "அக்கா, இன்னும் ரெண்டு மாசம் பாப்போம். ஏழு மணிக்குள்ள சரக்கு வரலைன்னா நாங்க பாக்கெட்டுக்காரன்ட்ட போயிருவோம்" என்று கம்பம் கடைக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அந்த லைன் போனால் அக்காவின் தொழிலில் பாதி போச்சு.

அன்று சாயங்காலமே அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்று. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. கற்றுக்கொடுக்கிறேன் என்று பணத்தை முழுசாக வாங்கிக்கொண்ட அந்த ஸ்கூல்காரர்கள், முன்னால் ஓட்ட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் எடுப்பதற்குத் தனி ஃபீஸாம்! வண்டி என்றால் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். பாதிக் கல்வியைக் கொடுத்துவிட்டு முழு ஃபீஸ் வாங்கலாமா? நீங்களே சொல்லுங்கள். அக்கா தனி ஃபீஸ் கட்ட மறுத்துவிட்டார். லைசென்ஸ் எப்படியோ வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"தம்பி, உங்க சம்பளச் சீட்ட எடுத்துக்கிட்டு வாங்க, வண்டி பாக்கப் போவோம்" என்றார் ஒரு திங்கட்கிழமை. எங்கள் தெருவில் மாதச் சம்பளக்காரன் நான் ஒருவன்தான். கடனுக்கு ஜாமீன் போட என்னைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டாரா, இழுத்துக்கொண்டு போனாரா என்பதை என் அரைநாள் லீவு சொல்லும்.

மதுரை ரோட்டில் இருந்தது ஷோரூம். கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளவென்று தரை. டை கட்டிய ஒரு இளைஞர் ஓடி வந்தார். அவரை டைத்தம்பி என்றே சொல்கிறேன். "வெல்கம் மேடம்!" என்றார். அக்கா தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

டைத்தம்பி விலையைச் சொன்னார். ஷோரூம் விலை ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஆன்ரோடு விலை என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல் பள்ளம்.

"ரோட்டு விலைன்னா என்னய்யா?"

"ரோட்டுல ஓட்டணும்னா அந்த விலை மேடம். டாக்ஸ், இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேத்து."

"அப்ப இந்தச் சின்ன விலைக்கு வாங்குறவுகல்லாம் வண்டிய எங்கன ஓட்டுறாக? இந்த ஏசிக்குள்ளயேவா?"

டைத்தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரிப்புக்காகக் கேட்கவே இல்லை என்பது அந்தத் தம்பிக்கு அப்போது தெரியாது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரியில் அக்காவின் விரல் நின்றது. "வண்டியைக் கம்பெனியிலிருந்து இறக்கி, துடைத்து, நிறுத்தி வைத்த கூலி" என்று விளக்கம் வந்தது.

"நான் கட்டுக் கட்டா தலையில தூக்கி இறக்குறேன். எறக்குன கூலின்னு கடைக்காரவுககிட்ட தனியாக் கேட்டா என்ன நடக்கும் தெரியுமா? நீ விக்க வச்சிருக்க சாமான நீ தொடைக்கிறதுக்கு நான் எதுக்குய்யா காசு குடுக்கணும்?"

அப்படிக் கேட்கிறார் பாருங்கள்! நான் பைக் வாங்கியபோது இதே வரிக்கு இதே ஊரில் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டியவன். எனக்குள்ளும் கொதித்தது. "எடுங்க அத!" என்று நானும் மேஜையைத் தட்டினேன். "தம்பி, நீங்க சும்மா இருங்க" என்று அக்கா என்னை அடக்கினார். அந்த வரி போனது. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. அடித்துப் பிடித்து இன்னும் எட்டாயிரம் குறைந்தது. டைத்தம்பியின் டை இளகியிருந்தது. அக்கா ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டினார்.

அதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவ் ஒன்று நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். அக்கா ஸ்டியரிங் பிடித்தார், பக்கத்தில் டைத்தம்பி, ஓரத்தில் நான். நன்றாகவே ஓட்டினார். சும்மா ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவதாகப் பேச்சு. திரும்பும் இடம் வந்தது. டைத்தம்பி, "இங்க ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிருங்க மேடம்" என்றார். அக்கா காதில் விழாத மாதிரி நேராகப் போனார். அடுத்த இடமும் வந்தது, போனது. ஆண்டிபட்டிக்குள் நுழையும்போது டைத்தம்பிக்கு வேர்த்துவிட்டது. முன்னாலேயே வளைத்துத் திருப்பக் கூடிய அகலமான இடம் ஒன்று அக்காவுக்குத் தெரியுமாம், அது வைகை அணையில் இருக்கிறதாம். போனோம். அணைக்கு எதிரே அகலமான திடலில் ஒரு பெரிய வட்டம் போட்டு, சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தைச் சிதறடித்து, அதே வேகத்தில் தேனிக்குத் திரும்பினோம். "வண்டி பரவால்ல" என்றார் அக்கா.

சரி, அட்வான்ஸ் கட்டியாயிற்று. அக்கா நின்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. டைத்தம்பிக்குத் தெரியவில்லை. "வேற ஏதாச்சும் டவுட் இருக்கா மேடம்?" என்றார். அக்கா முகத்தையே பார்த்தார். "காபி?" என்றார். வாசலிலேயே அதைக் கொடுத்துவிட்டார்கள், ஆகவே அது கணக்கில் வராது. நான் அக்காவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டினேன். அந்தப் பிள்ளை நான் பாத்ரூம் தேடுவதாக நினைத்துக் கையைக் காட்டினார். கடைசியில் அவர் அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் வெடித்தார் அக்கா. "ஒரு சாவிக்கொத்து இல்லையா? ஒரு எலுமிச்சம்பழம் இல்லையா? போயிட்டு வாங்கன்னு ஒரு சொல்லு இல்லையா தம்பி?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் டைத்தம்பிக்கு போன் போட்டு, அக்காவுக்குத் தெரியாமல், விஷயத்தை நாசூக்காகச் சொன்னேன். "அவ்வளவுதான சார்? அசத்திருவோம்" என்றார். அசத்தத்தான் செய்தார். மறுமுறை போனபோது, மேட், மட்கார்டு, சீட் கவர், சாமி படம் எல்லாம் வைத்த பெரிய அட்டைப்பெட்டியை ரிப்பன் கட்டி அக்கா கையில் கொடுத்தார். பெட்டியின் மேல் ஒவ்வொரு சாமானுக்கும் ரேட்டு எழுதி, கூட்டி, கீழே 'உங்களுக்கு இலவசம்' என்று அச்சடித்திருந்தது. அக்கா ரேட்டுகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். சாமி படத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.

"சாமிக்கும் ரேட்டாய்யா?"

பெட்டி மேஜையிலேயே இருந்தது. அடுத்து ஃபைனான்ஸ். லேப்டாப்போடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். என் சம்பளச் சீட்டைக் கம்பீரமாக எடுத்து வைத்தேன். யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துத் தயாராக வந்திருந்தேன். "வட்டி ஃப்ளாட்டா, இல்ல குறையுற பாக்கிக்கு மட்டுமா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கடன் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டாமா? முதல் மாதம் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரைக்கும் வட்டி போடுவது எந்த ஊர் நியாயம்? விடாமல் பிடித்தேன். அவர் இறங்கி வந்தார். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே பேரம் அது. ஆனால் அவர் அக்காவைப் பார்த்துத்தான், "மேடம் ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். நான் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அதோடு விட்டாரா? லேப்டாப்பில் எதையோ தட்டினார், முகம் சுருங்கியது. "சார், உங்க கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் அடி வாங்கியிருக்கே. ஒரு கார்டு பாக்கி நிக்குது." மதுரையில் ஒரு கடையில் 'லைஃப்டைம் இலவசம்' என்று என் தலையில் கட்டிய கார்டு. நான் ஒருநாளும் தேய்த்ததில்லை. அதற்கு வருடக் கட்டணமாம், கட்டாததற்கு அபராதமாம், அபராதத்துக்கு வட்டியாம்! அக்காவின் பக்கம் பார்த்தால், மகளிர் குழுக் கடனை வருஷக்கணக்காக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர். "மேடத்துக்கு ஜாமீனே தேவையில்ல. வேணும்னா சாருக்கு மேடம் ஜாமீன் போடலாம்" என்று அந்த மனிதர் ஜோக் அடித்தார்.

நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அக்கா எனக்காக எழுந்து நின்றார். "கொசுறுன்னு கையில குடுத்துட்டு, பின்னாடியே வந்து அதுக்கு வட்டி கேட்டாகளா? எந்த ஊருக்காரன்யா அவன்? எந்தக் கட? தம்பி, வாங்க போவோம், இப்பவே மதுரைக்குப் போவோம்!" அவரை உட்கார வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

வாரண்டிப் பேச்சு அதே சூட்டில் ஆரம்பித்தது. "மூணு வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் மேடம், எது முதல்ல வருதோ அது" என்றார் டைத்தம்பி.

"ஏன், எது கடைசில வருதோ அதுன்னு வச்சா என்ன?"

"கம்பெனி ரூல் மேடம்."

"சரி, என்னென்ன கெட்டுப்போனா பாப்பீக?"

அவர் எதெதைப் பார்க்க மாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார். கிளட்ச் பிளேட்டு வராது, பிரேக் ஷூ வராது, பல்பு வராது. 'பல்பு' என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வைப்பர், ஃபில்டர், பெல்ட்டு வராது. டயருக்கு டயர் கம்பெனியைப் பார்க்க வேண்டும், பேட்டரிக்கு பேட்டரி கம்பெனியை. வெளி மெக்கானிக் கை வைத்தால் எதுவுமே வராது.

"அப்ப கெட்டுப்போறது எதுக்குமே வாரண்டி இல்ல. கெட்டே போகாததுக்கு மட்டும் வாரண்டி. மல்லிக்கு நான் குடுக்கேன்யா வாரண்டி! மத்தியானத்துக்குள்ள வாடுனா திருப்பிக் குடுன்னு. காம்பு வராது, எல வராது, வேருக்கு வேர்க் கம்பெனியப் பாருன்னா சொல்றேன்?"

நியாயமா இல்லையா? அந்த வாரண்டிப் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருந்தது. படிக்கக் கூடாது என்றே அச்சடித்த புத்தகத்தை எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை யாராவது விளக்கினால் தேவலை.

ஒரு வழியாக எல்லாம் முடிந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, டைத்தம்பியின் முகத்தைப் பார்த்தபடி எழுந்து நின்றார். அந்தத் தம்பி ரிப்பன் பெட்டியை அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு அரைநாள் லீவு, போன மானம், கம்பம் கடைக்காரர்கள் வைத்த கெடுவில் மிஞ்சியது ஒரு வாரம். நடுரோட்டிலேயே கத்திவிட்டேன். "ஒரு கைப்பிடிக் கொசுறுக்காகப் பொழப்பையே விடுவீங்களாக்கா? அந்தப் பாக்கெட்டுக்காரன் உள்ள வந்துட்டான்னா அப்புறம் வண்டி எதுக்கு?"

அக்கா என் மேல் கோபப்படவில்லை. "என் பொழப்பே அதுதான தம்பி" என்றார். "பாக்கெட்டுக்காரன் ஏன் உள்ள வாறான்? கொசுறுக்கு எதுக்குக் காசழிக்கணும், பத்து ரூவாய்க்குப் பாக்கெட்ட வித்துட்டுப் போவோம்னு கடைக்காரன் நினைக்கிறதாலதான வாறான்? நானே கொசுறு இல்லாம ஒரு சாமான வாங்கிட்டு வந்துட்டு, நாளைக்கு அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? கொசுறு குடுய்யான்னு எந்த வாயால சொல்வேன்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எரிச்சல் மட்டும் குறையாமல் இருந்தது.

நாலு நாள் கழித்து, காலையில் அக்கா வாசலில் வாடகை வண்டி நின்றது. வண்டி இருந்தது, வண்டிக்காரர் இல்லை. கொழுந்தியாள் வீட்டு விசேஷமாம். சாவியை மட்டும் அனுப்பியிருந்தார். அக்கா தானே ஆண்டிபட்டி போய் லோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஏறுங்க தம்பி, ஏழு மணிதான் எப்படியும் தாண்டிருச்சு, மொதல்ல அந்த அட்வான்ஸ வாங்கிக்கிட்டு அப்படியே கம்பம் போயிருவோம். பேச்சு முறிஞ்சா காசத் திருப்பிக் குடுக்கணும்ல?" என்றார். ஆபீஸ் போகக் கிளம்பிய நான் ஏன் ஏறினேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஷோரூம் வாசலில், வண்டியின் மூக்கு கண்ணாடிச் சுவரைத் தொடும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். மேனேஜர் வந்தார். "புக்கிங் அட்வான்ஸ் திரும்பத் தர மாட்டோம்" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். பின்பக்கத்தில் அச்சடிப்பதெல்லாம் இப்படிப்பட்ட வேலைக்குத்தான். நான் கொதித்தேன், கன்ஸ்யூமர் கோர்ட் என்றேன். அவர் அசையவில்லை. மேனேஜருக்குப் பின்னால் டைத்தம்பி தலையைக் குனிந்து நின்றிருந்தார். அக்காவின் புக்கிங் போனதில் அந்த மாத டார்கெட் தவறிவிட்டதென்று அப்போதுதான் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

அக்கா வெளியே வந்து வண்டியில் ஏறினார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முன்னால் கண்ணாடிச் சுவர். பின்னால் மதுரை ரோடு, பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன. முன்னாலேயே வளைத்துத் திருப்ப இங்கே வைகை அணை இல்லை. அக்கா கியர் போட்டார், வண்டி முன்னால் ஒரு முழம் துள்ளியது, உள்ளே ஏசிக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு பைக்தான் ஓட்டத் தெரியும். வெயில் வண்டி மேல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் சாக்குக்குள் கம்பத்துக்குப் போக வேண்டிய மல்லி. அக்கா பிரேக்கை மிதித்தபடி, யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தார். கோபப்படாத அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டைத்தம்பி வந்தார். அவருக்கும் நமக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. வியாபாரம் முறிந்துவிட்டது, அட்வான்ஸும் அவர்கள் பெட்டிக்குள் போய்விட்டது. நேராக வாஷிங் ஷெட்டுக்குப் போய், தண்ணி பைப்பை இழுத்து வந்து, மல்லிச் சாக்குகளை நனைத்தார். பிறகு டையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, டிரைவர் பக்கத்துக் கதவண்டை வந்து நின்றார்.

"எறங்காதீக பெரிம்மா. நீங்களே எடுங்க. நான் சொல்றேன்."

'மேடம்' போய் 'பெரிம்மா' வந்திருந்தது.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார் அக்கா, மெதுவாக.

"தெரியும், அன்னைக்கே தெரியும். அதுக்குத்தான வைகை அணை வரைக்கும் போனீக? கியரப் பின்னாடிக்குப் போடுங்க. கண்ணாடியப் பாருங்க. பின்னாடி எங்கிட்டுப் போகணுமோ அதுக்கு ஏத்தாப்ல மெதுவா ஒடிங்க. அவசரமே இல்ல. ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

ரோட்டில் இறங்கி நின்று, ரெண்டு கையையும் விரித்து, ஒரு அரசு பஸ்ஸையே நிறுத்திவிட்டார். டிரைவர் திட்டினார், ஹாரன்கள் அலறின. அக்கா வண்டி இடம் வலமாகத் தடுமாறி, நின்று, மறுபடி நகர்ந்து, கடைசியில் முழுசாக ரோட்டுக்கு வந்தது. டைத்தம்பி கையசைத்தார். "இனிமே பயப்படாதீக பெரிம்மா, போயிட்டு வாங்க."

அக்கா போகவில்லை. வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, இறங்கி, விறுவிறுவென்று ஷோரூமுக்குள் போனார். அட்வான்ஸுக்கு இன்னொரு சண்டை என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். மேனேஜர் மேஜையில் கையை ஊன்றி நின்றார் அக்கா.

"எங்கய்யா அந்தப் பேப்பர்? எங்கன கையெழுத்துப் போடணும்?"

"என்னம்மா, வேண்டாம்னீங்களே?"

"கொசுறு வாங்கிட்டேன்ல! கொசுற வாங்கிக்கிட்டு சாமான வாங்காமப் போனா அது களவு. என்னையக் களவாணின்னு நினைச்சீகளா?" ஆத்திரத்தோடு அத்தனை பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் மலங்க விழித்துக்கொண்டு நின்ற டைத்தம்பியைக் காட்டி, "இந்த யாவாரத்த இவன் பேருல எழுதுங்க. வேற யார் பேருலயும் எழுதுனீகன்னா பாத்துக்கிட்டு இருக்கமாட்டேன்" என்றார்.

கம்பம் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணியெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. ஆனாலும் மல்லி நிமிர்ந்து நின்றது. கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். என் அன்றைய ஆபீஸ் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. இப்போது தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்குள் அது ரிவர்ஸிலேயே வருகிறது. தெரு முனையில் தாராளமாகத் திருப்ப இடம் இருக்கிறது. இருந்தாலும் அக்கா மெயின் ரோட்டிலிருந்தே பின்னால் எடுத்துக்கொண்டு வருவார். கற்றுக்கொண்டதை வீணாக்கக் கூடாதாம். பீப், பீப் என்று அந்தச் சத்தம் தெரு பூராவையும் எழுப்புகிறது. நான் பலமுறை சண்டை போட்டுவிட்டேன். "எந்திரிச்சு நடங்க தம்பி, ஒடம்புக்கு நல்லது" என்கிறார். போகும்போது எங்கள் கேட்டில் ஒரு கொத்து மல்லியும் கறிவேப்பிலையும் சொருகிவிட்டுப் போகிறார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணும் வாங்கலையேக்கா, எனக்கு எதுக்குக் கொசுறு?" என்று கேட்டேன். "அந்தப் பல்பக் கழட்டுன பய குடுக்காமப் போனான்ல, அதுக்குத்தான்" என்றார். முகத்தில் அதே பழைய கோபம்.

பல்பு விஷயத்தில் அக்கா நியாயஸ்தர். ஆனால் அந்த மனிதரைத் திட்டுவதில் மட்டும் அவர் கட்சியில் நான் இப்போது இல்லை. வீட்டுக்கு முழு விலையும் வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு, அவர் ஒரு கொசுறு கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதை எதிர்வீட்டில், மல்லிக்கட்டும் கையுமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.